மூன்றாவது இறக்கையில் ஒரு கோடு

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ஆயுத பூஜைக்கு மறக்காமல் கூப்பிட்டீர்கள், வந்தேன். சுண்டலில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் இரண்டு தடவை வாங்கித் தின்றேன். கிளம்புகிற நேரத்தில்தான் கதவுக்கு மேலே சுவரில் தொங்கும் பழைய மூன்று இறக்கைக் காத்தாடி கண்ணில் பட்டது. ஒரு சொட்டுகூட வழியாமல், பளபளவென்று வெள்ளி நிறத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறீர்கள். யார் அடித்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல நாளும் அதுவுமாகத் திட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் இப்போது பெயிண்ட் டப்பா அடுக்கியிருக்கும் அதே மூலையில் பத்தொன்பது வருஷம் இருந்தவள் நான். மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். முட்டி வலி வந்து சரிவில் நிற்க முடியாமல் போனதும் பட்டறைக்கு மாற்றினார்கள். பெண்பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் சிரித்தார்கள். ஆறே மாதத்தில் அவர்கள் மோட்டார் சைக்கிளையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து, 'அக்கா, கொஞ்சம் டச்சப் பண்ணிக் குடுங்க' என்று வழிந்தார்கள். அது கிடக்கட்டும்.

எப்படித் தேய்ப்பது, எந்த பிரைமர், எத்தனை கோட்டிங் என்பதெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. அலுமினியத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறான். டப்பாவில் போடாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காத்தாடி நம் தோட்டத்து இயந்திரம் எதிலும் இருந்ததில்லை. அது ஒரு படகின் புரொப்பெல்லர். நம் மலைக்குக் கீழே இருக்கும் அணைக்கட்டு ஏரியில் ஒரு வேலைப் படகு ஓடும், பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் மேலேயிருந்து மரக்கட்டை, மூங்கில், பிளாஸ்டிக் எல்லாம் அடித்துக்கொண்டு வந்து மதகுப் பக்கம் சேரும். அதைத் தள்ளிக் கரைக்குக் கொண்டுவருகிற படகு. அதை ஓட்டுவது என் கூடப் பிறந்த தம்பி செல்வம். காத்தாடி கட்டையில் இடித்து இடித்துப் பெயிண்ட் போய்விடும். வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி என்னிடம் கொண்டுவருவான். நம் போர்மேன் கண்டுகொள்ள மாட்டார். ஏரி மீன் இரண்டு அவர் வீட்டுக்கும் போகும்.

அந்த வருஷம் பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது கொண்டுவந்தான்.

"அக்கா, இந்தத் தடவ செகப்பு அடி லா. பூஜையில வெச்சுட்டு மறுநாள் காலையில எடுத்துட்டுப் போறேன். புதுசு மாதிரி இருக்கணும்."

பூஜை வாரத்தில் பட்டறை எப்படி இருக்கும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். ஸ்பேனரிலிருந்து தள்ளுவண்டி வரைக்கும் கழுவித் துடைத்துப் பெயிண்ட் அடிப்போம். சாமி முன்னால் வைக்கிற எதுவும் அசிங்கமாக இருக்கக் கூடாது என்பது நம் தோட்டத்துப் பழக்கம். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் உடைந்து கிடந்தாலும் அதற்கும் பச்சை அடித்துப் பொட்டு வைத்த ஆட்கள் நாம். ஒரு சாமான் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, பெயிண்ட் அடித்தாச்சா என்றுதான் கேட்பார்கள்.

காத்தாடியைத் தேய்த்தேன். மூன்று இறக்கை. பழைய பெயிண்ட் முழுவதும் போய் வெறும் அலுமினியம் தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லா இடமும் காய்ந்துவிட்டது. ஒரு இறக்கை நடுக்குண்டோடு சேருகிற அடிப்பக்கத்தில் மட்டும், தலைமுடி அளவுக்கு, ஒரு கோடு ஈரமாகவே இருந்தது.

உப்புத்தாளின் கீறலாக இருக்கும் என்று நைஸ் தாள் போட்டுத் தேய்த்தேன். கீறல் என்றால் போக வேண்டும். போகவில்லை. மறுபடி துடைத்தேன். எல்லாம் காய்ந்தது, அது மட்டும் காயவில்லை.

அந்த இடத்தில் நான் போர்மேனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் பத்து அடி தள்ளித்தான் நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை. ஏன் என்று சொல்வதற்கு இன்னொரு கதையைச் சொல்லியாக வேண்டும். அது எனக்கு அவமானக் கதை, பரவாயில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்று அனுப்புகிற பெரிய ஃபேனின் கம்பி மூடிக்குப் பெயிண்ட் அடிக்கப் போனேன். உள்ளே ஒரு இறக்கையில் நீளமாகக் கோடு தெரிந்தது. சுற்றுகிற வேகத்தில் பிய்த்துக்கொண்டு வந்தால் ஆளைக் கொன்றுவிடுமே என்று நான் போட்ட சத்தத்தில் ஃபேனை நிறுத்திவிட்டார்கள். போர்மேன் ஏறிக் கெரசின் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசி, காத்திருந்து பார்த்தார். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கின கெரசின் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாக ஊறும். ஒன்றும் ஊறவில்லை. சுரண்டிப் பார்த்தால், என் பிரஷ்ஷின் முடி. அதற்கு முந்தின வருஷம் நானே அடித்த பெயிண்டில் ஒட்டிக் காய்ந்து போயிருந்தது.

அதற்குள் தொட்டியில் இருந்த கொழுந்து சூடேறிச் சிவந்து வீணாகிவிட்டது. மேனேஜர் துரை வந்து போர்மேனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். போர்மேன் என் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால் ஊருக்குத் தெரியாதா? அன்று முதல் எனக்குப் பெயர் 'கோடு அக்கா'. பிரிஞ்சாங் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் காய்கறி வாங்கப் போனால்கூட எவனாவது, "கத்திரிக்காயில கோடு இருக்கா, பாத்து வாங்குங்கக்கா" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன்.

அதனால் அந்த ஈரக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தம்பி இல்லை. அந்தச் சிரிப்புத்தான். சீக்கிரம் பிரைமரை அடித்தேன். கோடு மறைந்தது. மறுநாள் சிவப்பு ஒரு கோட்டிங், அதற்கு மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் பார்த்தால் எந்த இறக்கையில் பார்த்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. மூன்றும் ஒரே மாதிரி மின்னின.

அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கீறல்தான், கீறல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கீறல் என்று உண்மையிலேயே நம்புகிறவள் அத்தனை தடவை சொல்லிக்கொள்ள மாட்டாள்.

பூஜை அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தயார். காத்தாடியை நடுவில் வைத்து, மூன்று இறக்கைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். கற்பூரம் காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. எந்த இறக்கை, எந்த இறக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரை வந்து மாலை வாங்கிக்கொண்டு போனார். பொரி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நம் மலை மழை தெரியுமே, தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. அணையைத் திறந்து கீழே லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்த வருஷத்திலிருந்து, இப்படி மழை பிடித்தால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே ஏரிப் பக்கம் பார்ப்பார்கள். அன்றும் பார்த்தார்கள். பூஜைக்கு வந்திருந்த செல்வத்தின் போன் அடித்தது.

கேட்டுவிட்டு வந்தான். முகம் மாறியிருந்தது.

"மதகுகிட்ட கட்ட சேந்துருச்சாம். தண்ணி ஏறுது. இப்பவே போட்டைத் தண்ணியில எறக்கணும்கறாங்க."

நேராகப் போய்ப் பூஜையிலிருந்த காத்தாடியில் கை வைத்தான். போர்மேன் தடுத்தார்.

"டேய், பூஜையில வெச்சத நாளைக்குத்தான்டா எடுக்கணும்."

"அண்ணே, நாளைக்கு வரைக்கும் தண்ணி காத்துக்கிட்டிருக்குமா?"

போர்மேன் யோசித்தார். மறுபடி ஒரு கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டு, "எடுத்துட்டுப் போ" என்றார்.

செல்வம் குங்குமத்தோடு காத்தாடியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். வெளியே லோரி நின்றது. மதகு திறந்திருக்கும்போது தண்ணீர் எப்படி இழுக்கும் என்று அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். எஞ்சின் தள்ளிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் படகு நம் பேச்சைக் கேட்கும். அந்த இடத்தில் ஒரு இறக்கை பிய்ந்து போனால், படகை மதகு இழுத்துக்கொள்ளும். உள்ளே அவனும் இன்னொரு ஆளும் இருப்பார்கள்.

நான் ஓடவில்லை, கத்தவில்லை. வாசலில் போய் நின்று காத்தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

"என்னக்கா? விடு, நேரமாச்சு."

விடவில்லை. அவன் இழுத்தான். நானும் இழுத்தேன். நாற்பது வயசு ஆம்பிளையும் ஐம்பது தாண்டிய நானும், சின்னப் பிள்ளைகள் பொம்மைக்குச் சண்டை போடுகிற மாதிரி நின்றோம். எல்லாரும் பார்த்தார்கள்.

"ஒரு கோடு இருக்குடா" என்றேன்.

மழைச் சத்தத்திலும் அது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பின்னாலிருந்து ஒருவன், "கோடு அக்கா ஆரம்பிச்சுட்டாங்க லா!" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த அதே சிரிப்பு. கேட்ட பிறகு தெரிந்தது, அதைக் கேட்டு ஆள் ஒன்றும் செத்துப்போவதில்லை.

போர்மேன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்தார். "எப்பப் பாத்தே?"

"இப்பதான்... ஒரு சந்தேகம்" என்றேன். அந்த நிமிஷத்திலும் பொய் சொன்னேன் பாருங்கள். தம்பி உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் என் மானத்தை விடவில்லை.

"எந்த றெக்க?"

"தெரியல."

"ஏம்மா, தெரியாதா?"

"தெரியலண்ணே. மூணையும் பாக்கணும்."

செல்வத்தின் போன் மறுபடி அடித்தது. அவன் எடுத்து, "வரேன், வரேன், அஞ்சு நிமிஷம்" என்றான். என்னைப் பார்த்த பார்வையில் அன்பு எதுவும் இல்லை. போர்மேன் அவன் கையிலிருந்து காத்தாடியை வாங்கி மேசையில் வைத்தார். "தின்னர் எடு" என்றார் என்னிடம்.

மூன்று நாள் அடித்த பெயிண்டை நானே சுரண்டினேன். மூன்று இறக்கையிலும் அடிப்பக்கம் மட்டும். சந்தனம், குங்குமம், சிவப்பு பெயிண்ட் எல்லாம் குழைந்து கையெல்லாம் ஒரே சிவப்பு. பிரஷ் கழுவ வைத்திருந்த கெரசினைத் தடவினோம். ஊறுவதற்குக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் போன் இரண்டு தடவை அடித்தது. அப்புறம் நன்றாகத் துடைத்தோம். சாக்பீஸ் வேண்டும். சாக்பீஸ் ஸ்டோரில் இருந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கிராணி சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தார்.

போர்மேன் சுற்றிமுற்றிப் பார்த்தார். பூஜைத் தட்டில் திருநீறு குவியலாக இருந்தது. அதை அப்படியே எடுத்து வந்தார்.

"அண்ணே, அது சாமி திருநீறு" என்றான் சிரித்தவர்களில் ஒருவன்.

"அதனாலதான் எடுக்குறேன். மெஷினுக்குப் பூசறதுக்குத்தானே வெச்சிருக்கோம்."

முதல் இறக்கையில் தூவினார். எல்லாரும் குனிந்தார்கள். வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதில் தூவினார். அதுவும் வெள்ளைதான். யாரோ மூக்கால் சிரித்தார்கள். "போதும்கா, நான் போறேன்" என்றான் செல்வம். எனக்கு மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு பிரஷ் முடிக்காகத்தான் படகை நிறுத்தி வைத்திருக்கிறேனோ? அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. கீழே தோட்டம் போட்டிருக்கிறவர்கள் வீடெல்லாம் இருக்கிறது. போகட்டும் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் போர்மேன்.

மூன்றாவதில் தூவினார். முதலில் வெள்ளை. அப்புறம் நடுக்குண்டு ஓரத்தில் ஒரு புள்ளி கறுத்தது. அது நீண்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருநீறு கோடாக ஊறி, இறக்கையின் பாதி அகலத்துக்குப் போய் நின்றது. புரட்டிப் பார்த்தால் பின்பக்கமும் அதே இடத்தில் இருந்தது.

செல்வம் விரலை நீட்டினான். தொடாமல் எடுத்துக்கொண்டான்.

"பழைய காத்தாடி ஒண்ணு போட் கொட்டாயில கெடக்குதே?" என்றார் போர்மேன்.

"அது முனை ஒடஞ்சது. ஓட்டுனா ஆடும்ணே."

"ஆடட்டும். ஆடுனா ஒனக்குத் தெரியும், மெதுவாப் போவே. இது ஆடாது. ஒரேடியாப் போயிரும்."

அவனோடு நானும் லோரியில் ஏறினேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஏரிக்கரையில் தகரக் கொட்டாய்க்குக் கீழே நின்று பார்த்தேன். சுரண்டாத, பெயிண்ட் இல்லாத, முனை உடைந்த காத்தாடியை மாட்டிக்கொண்டு படகு வெடவெடவென்று ஆடிக்கொண்டே போனது. அவ்வளவு அசிங்கமான சத்தத்தை நான் கேட்டதில்லை. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று இரண்டரை மணி நேரம் நின்றேன். நாலைந்து தடவையாகக் கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மழை விட்டது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. தம்பி நனைந்துபோய்க் கரையேறினான்.

யாரோ தே ஓ, பால் விடாத டீ, கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து குடித்தான். குடித்துக்கொண்டே கேட்டான், "நெசமாவே இன்னிக்குத்தான் பாத்தியாக்கா?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஊரே என்னைப் பாராட்டப் போகிறது.

"இல்லடா. மூணு நாளாத் தெரியும்."

குவளையைக் கீழே வைத்தான்.

"நேத்துகூட ஒன் வீட்டுலதானேக்கா சாப்ட்டேன்" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். லோரி வந்தது, ஏறிப் போனோம்.

அடுத்த வருஷமும், புதிதாக வாங்கி மாட்டிய காத்தாடியைக் கழற்றிக் கொண்டுவந்தான். அதற்கடுத்த வருஷமும். நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் என்னிடம்தான் கொண்டுவந்தான். ஆனால் தேய்த்து முடித்ததும், பிரைமர் அடிக்கும் முன்னால், அவனே வந்து ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் நகத்தை ஓட்டிப் பார்ப்பான். கெரசின் தடவச் சொல்வான். காத்திருப்பான். அவன் கண்ணால் பார்த்த பிறகுதான் அடிக்க விடுவான். என் வேலையை என் தம்பி நம்பவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. வலித்தாலும், அவன் செய்தது சரி.

தோட்டத்தில் எல்லாரும் நான் தம்பியைக் காப்பாற்றிய கதையைத்தான் சொல்வார்கள். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் அவனைக் காப்பாற்றிய நேரம் அரை மணி. அவனைச் சாகக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்த நேரம் மூன்று நாள். அந்த மூன்று நாளை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ஃபேனை நிறுத்தியது தப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பிரஷ் முடிக்காக நூறு தடவை நிறுத்துங்கள். கொழுந்து மறுபடி துளிர்க்கும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

வெடித்த காத்தாடியைப் போர்மேன்தான் சுவரில் மாட்டினார். பாதி சிவப்பு, பாதி சுரண்டினது, அப்படியே. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். துரை வரும் நாளானாலும் சரி, பூஜையானாலும் சரி, அதைத் தொடக் கூடாது என்று அவர் சொன்னதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் ரிட்டயர் ஆனது என் தப்பு.

இப்போது பெயிண்ட் அடித்தவருக்கு ஒரே ஒரு கேள்வி. அவ்வளவு வழவழப்பாக வர வேண்டுமென்றால் நன்றாகத் தேய்த்திருப்பீர்கள். தேய்க்கும்போது மூன்றாவது இறக்கையில் அந்தக் கோட்டைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் பரவாயில்லை, பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், மேலே அடித்திருந்தீர்கள் என்றால், ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நாலு நாளாக எனக்குப் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் வருகிறேன். காத்தாடியை இறக்கி மேசையில் வையுங்கள். தின்னர், கெரசின், பழைய துணி எடுத்து வையுங்கள். திருநீறு நான் கொண்டுவருகிறேன். என் தம்பியும் வருகிறான்.